ஆஃப்செட்டைத் தொட்ட கை

ஹனூர்
12.5.2024

அன்புள்ள சேகரன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் மோகனப்ரியா எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் பொன்னம்மா அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறதா? துணைக்குப் போக நான் இல்லையே என்று இங்கே வந்த நாளிலிருந்து கவலையாக இருக்கிறது.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். என் போன் அப்பாவின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா போனிலும் உங்கள் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். "உந்தம்பி மைசூருக்குக் கூட்டீட்டுப் போயி எம்மானத்த வாங்கிப்போட்டான்" என்று அம்மாவிடம் ஒரே சத்தம். நல்லவேளை, அப்பாவுக்குக் கன்னடம் மட்டும்தான் படிக்கத் தெரியும். அந்தியூரில் படித்த அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த தமிழ் இப்போதுதான் உதவிக்கு வருகிறது. தப்பிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கம்பெனியிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை அப்பா பஸ் ஸ்டாண்டில் ஒரு வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "ஆபரேட்டர் அனுமதி இல்லாமல் டூல் ஆஃப்செட்டை மாற்றியதால் மெஷின் மோதி, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் வளைந்தது, அதனால் வேலையிலிருந்து நீக்குகிறோம்" என்று இருந்ததாம். நான் தொடவில்லை மாமா. துளை கடையும் டூலின் முனை தேய்ந்திருந்தது, நீங்கள் வந்து புது முனை மாட்டினீர்கள். ஆஃப்செட்டை மாற்றத் திறக்கும் சாவியை நான் மெஷினிலேயே விட்டுவிட்டு, பதினோராவது பீஸை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குப் போனேன். திரும்பி வந்து சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன். "ஓட்டு அம்மிணி" என்றீர்கள். ஸ்டார்ட் அழுத்தினேன். அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆஃப்செட்டில் டூலின் நீளம் 85.320 மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 0.05 இருந்தது. பழைய எண்ணோடு கூட்டுகிற பட்டனை விட்டுவிட்டு யாரோ வெறும் இன்புட் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். பழையது அழிந்து, டூல் எண்பத்தைந்து மில்லி அதிகமாக உள்ளே பாய்ந்துவிட்டது. முனையை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்தேன் என்று விசாரணையில் சொன்னீர்கள். அப்படியானால் நடுவில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். எந்தப் பட்டனை எத்தனை மணிக்கு அழுத்தினார்கள் என்பது மெஷினின் ஹிஸ்டரி பக்கத்தில் இருக்கும். மெயின்டனன்ஸ் கிரணிடம் சொல்லி அதைப் பாருங்கள்.

அப்பா கெடு வைத்திருக்கிறார். "ஆடி முடியறதுக்குள்ள உம்மேல தப்பில்லீன்னு கம்பெனிக்காரன் காயிதம் குடுத்தா நீ வேலைக்குப் போ. இல்லீனா ஆவணியில கல்யாணம்." எனக்குக் கல்யாணத்தின் மேல் கோபமில்லை மாமா. அக்டோபரில் செட்டர் பரீட்சை இருக்கிறது, பாஸானால் உங்களைப் போல நானே டூல் மாட்டி மெஷினை செட் பண்ணலாம். நம் கம்பெனியில் முதல் பெண் செட்டர் நான்தான் என்று நீங்கள்தானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்?

அத்தையை உப்பு குறைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
மோகனப்ரியா

—

ஹெப்பாள், மைசூர்
27.5.2024

அன்பு அம்மிணிக்கு,

சேகரன் மாமாவின் ஆசிகள். அக்காவையும் மச்சானையும் கேட்டதாகச் சொல். மச்சானிடம் சொல்ல முடியாது என்று தெரியும், அக்காவிடமாவது சொல். உன் அத்தை இருக்கிறாள். நீ இருந்தவரை திட்டு நம் இரண்டு பேருக்கும் சரிபாதியாக வந்தது. இப்போது முழுசும் என் தலையில்.

ஹெப்பாளில் மழை பிடித்துவிட்டது. காலை ஷிப்ட் பஸ்ஸில் உன் சீட்டில் டிரைவர் தன் டிபன் பையை வைத்துக்கொள்கிறான்.

நீ சொன்னதை விசாரிக்கிறேன். கிரண் லீவில் ஊருக்குப் போயிருக்கிறான், வரட்டும். கொஞ்சம் பொறுமையாகத்தான் செய்ய வேண்டும். போன வருஷமே எனக்கு இரண்டு மெமோ. மூன்றாவது வாங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் இ.எஸ்.ஐ. கார்டு போகும், கார்டு போனால் உன் அத்தைக்கு ஆஸ்பத்திரி போகும். உனக்குத் தெரியாததா?

அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
சேகரன்

—

ஹனூர்
5.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அத்தை திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார் என்று படித்ததில் பாதி கவலை தீர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம்.

நினைக்காதே என்றீர்கள். வேறு என்ன வேலை இருக்கிறது எனக்கு? மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அந்தக் காலை நேரத்தை வரி வரியாக ஓட்டிப் பார்க்கிறேன். அம்மா சுட்ட தோசையைப் பார்த்து "இந்தப் பக்கம் மூணு மில்லி, அந்தப் பக்கம் ஒன்றரை" என்று சொல்லி நேற்று கரண்டியால் அடி வாங்கினேன்.

ஒன்று ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் ரூம் ரிஜிஸ்டரில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாற்பது. அங்கே மனிஷா பீஸை அளந்து முடிக்க எப்படியும் எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஹிஸ்டரி பக்கத்தில் 0.05 ஏறிய நேரம் அந்த எட்டு நிமிஷத்துக்குள் இருந்தால் போதும், நான் இல்லை என்று ஆகிவிடும். எனக்குப் பக்கத்து மெஷின் விஜய்குமார் மேல் சந்தேகம். நான் செட்டர் ஆவது அவனுக்குப் பிடிக்காது. ஆனால் கண்ணால் காணாமல் ஒருத்தன் மேல் பழி போடுவது பாவம். எனக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

கிரண் வந்துவிட்டானா?

உங்கள்,
மோகனப்ரியா

—

ஹனூர்
26.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அப்படி ஏதாவது இருந்தால் என் விஷயத்தைத் தூக்கி ஓரமாகப் போடுங்கள். அத்தை நன்றாக இருக்கிறார் என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குண்டலுபேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் சிவகுமார். ஊட்டிக்கும் கோயமுத்தூருக்கும் காய்கறி அனுப்புகிற மண்டி வைத்திருக்கிறார்கள். ஆள் மோசமில்லை, அதிகம் பேசவில்லை. அவருடைய அம்மாதான் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, இத்தன கீறலு?" என்றார். மெஷினில் சீவி விழும் இரும்புச் சுருள் கிழித்தது என்றேன். "இனி அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல சாமி" என்று பாசமாகத்தான் சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அது கஷ்டமில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம். முடிய ஏழு வாரம்.

மோகனப்ரியா

—

ஹெப்பாள், மைசூர்
6.7.2024

அன்பு அம்மிணிக்கு,

ஆசிகள். அத்தைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஓவர்டைம் அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை.

கிரணிடம் கேட்டேன். சர்வீஸ்காரர்கள் வந்து ஸ்பிண்டில் மாற்றியபோது மெமரி பாட்டரியையும் கழற்றியிருக்கிறார்கள். ஹிஸ்டரி எல்லாம் அழிந்துவிட்டதாம். இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை. விஜய்குமாரை விட்டுவிடு. அவன் வாய்தான் பெரிசு, கை சுத்தம்.

குண்டலுபேட்டைக் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். நல்ல மனிதர்கள் என்கிறார்கள். மெஷின் வேலை என்ன பெரிய வேலை, எட்டு மணி நேரம் நின்று நின்று எனக்கே முழங்கால் போய்விட்டது. கல்யாணமும் நல்லதுதானே அம்மிணி. யோசித்துப் பார்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

சேகரன்

—

ஹனூர்
15.7.2024

மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தை நலமென்று அறிந்து நிம்மதி.

மெஷின் வேலை என்ன பெரிய வேலையா? என்னை முதல் நாள் கூட்டிப்போய் நிறுத்தி, ஒரு தலைமுடியைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில் வைத்து எழுபது மைக்ரான் என்று காட்டி, "இதுல பத்துல ஒரு பங்குதான் நாம தப்பு பண்ணலாம்" என்று சொன்னது யார்? எங்கள் அப்பாவிடம் வந்து உட்கார்ந்து, மூன்று டம்ளர் காபி குடித்து, என்னை வேலைக்கு அனுப்பச் சொல்லி அவர் வாயாலேயே சரி சொல்ல வைத்தது யார்?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஹிஸ்டரி போனால் போகட்டும். ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இருக்கிறது. நான் திரும்பி வந்த பிறகு எதையும் தொடவில்லை, நீங்கள் "ஓட்டு" என்றதும் ஸ்டார்ட் மட்டும்தான் அழுத்தினேன் என்று மேனேஜருக்கு நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். உங்கள் இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு அந்த மதிப்பு இருக்கிறது. பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. இதற்கு மேல் என்னால் அப்பாவிடம் நாள் கேட்க முடியாது.

மோகனப்ரியா

—

ஹனூர்
10.8.2024

தம்பி சேகரனுக்கு அக்கா பஞ்சவர்ணம் எழுதிக்கொள்வது.

நலம். நீயும் பொன்னம்மாவும் நலமாக இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். உன் மச்சான் மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆவணி இருபது, வியாழக்கிழமை, குண்டலுபேட்டையில் கல்யாணம். தாய்மாமன் நீ வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணவறைக்கு அனுப்ப முடியாது. உன் மச்சானும் அதற்கு ஒத்துக்கொண்டார். "வரச் சொல்லு, வந்து கட்டீட்டுப் போகட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

பாப்பா நல்லபடியாகத்தான் இருக்கிறாள். ஆனால் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை என்று தினமும் தபால்காரர் தொட்டையன் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். ஒருவேளை நான்தானோ, ஒருவேளை நான்தானோ என்று. கேட்க முடியவில்லை தம்பி. அவளுக்கு ஒரு ஆறுதல் எழுது.

அக்கா

—

ஹெப்பாள், மைசூர்
20.8.2024

அம்மிணி மோகனாவுக்கு,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த 0.05 என் கை போட்டது.

முனையை மாட்டிவிட்டு ஐம்பது மைக்ரான், அதாவது 0.05 மில்லி, கூட்டப் போனேன். அந்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். டயாலிசிஸ் நடக்கும்போது உன் அத்தைக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். காதில் போன், ஒரு கையால் பட்டன். கூட்டுகிற பட்டனை அழுத்தியதாகத்தான் நினைத்தேன். புது முனை போட்டால் முதல் பீஸை மெதுவாக, வரி வரியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆயிரம் தடவை உனக்குச் சொன்னவன் நான். அன்று அதையும் செய்யவில்லை. நீ வந்தாய், "ஓட்டு" என்றேன்.

மோதிய அடுத்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜர் ஓடி வந்து "யாரு மாடித்து இது?", யார் செய்தது என்று கன்னடத்தில் கத்தினார். வாயைத் திறந்தேன். அதற்குள் சாவி யாரிடம் என்றார். நீ பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினாய். என் வாய் மூடிக்கொண்டது. இரண்டு மெமோ, இ.எஸ்.ஐ. கார்டு, உன் அத்தை. எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. உனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்து விட்டுவிடுவார்கள், சின்னப் பெண்தானே என்று நினைத்தேன். வேலையை விட்டே எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. எடுத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹிஸ்டரி பக்கத்தை மே மாதமே பார்த்தேன். பத்து நாற்பத்து மூன்று. நீ கணக்குப் போட்டது மிகச் சரி. சர்வீஸ்காரர்கள் வந்து அது அழிகிறவரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இப்போது சாட்சி என்று இருப்பது என் வாய் ஒன்றுதான்.

மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லுங்கள் மாமா என்று நீ ஒரு வரி எழுது, மறுநாள் காலை அவர் ரூமில் நிற்பேன். வருகிறது வரட்டும். அத்தைக்கும் இன்னும் தெரியாது. தெரிந்தால் முதல் செருப்பு அவளிடமிருந்துதான்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ தொடவில்லை. அது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

மாமா

—

ஹனூர்
27.8.2024

சேகரா,

நீ அவளுக்கு எழுதியது என் கைக்கு வந்தது. பத்து நாளில் கல்யாணம், இந்த நேரத்தில் என்னவோ ஏதோ என்று பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் பார்க்கவில்லை.

பாவி. என் வயிறு எரிகிறது. அவள் வாசலில் நின்ற ஒவ்வொரு நாளும் நீ அங்கே சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாய். உன்னைத் தூக்கி வளர்த்த கை இது, அதனால்தான் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஒன்று கேட்டுக்கொள். அவளுக்கு இது தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்துவாள். பத்திரிகை ஊர் பூராவும் கொடுத்தாகிவிட்டது. உன் மச்சான் அந்த அவமானத்தைத் தாங்க மாட்டார். நேராக மைசூர் வந்து கம்பெனி வாசலில் உன் சட்டையைப் பிடிப்பார். அப்புறம் பொன்னம்மாவை யார் பார்ப்பது? ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண்ணைச் சாகவிட என்னால் முடியாது. எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

"சொல்லுங்கள் மாமா என்று எழுது" என்று அவள் தலையில் அதையும் தூக்கி வைக்கப் பார்த்தாயே. உனக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தால் அவளை எதற்குக் கேட்கிறாய்?

ஆவணி இருபதுக்கு வா. பட்டம் கட்டு. வாயைத் திறக்காமல் போ.

பஞ்சவர்ணம்

—

குண்டலுபேட்டை
23.9.2024

அன்புள்ள மாமாவுக்கும் பொன்னம்மா அத்தைக்கும்,

மோகனப்ரியாவின் நமஸ்காரம். நானும் இவரும் சௌக்கியம். அத்தை கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கு ரொம்ப வருத்தம். அடுத்த மாதம் இருவருமாக வந்து பார்க்கிறோம்.

பட்டம் கட்டும்போது மூன்று தடவை முயன்றீர்கள். முடிச்சே விழவில்லை, அம்மாதான் வந்து பிடித்துக் கட்டினார். நீங்கள் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஏதோ சொல்ல வந்தீர்கள், அதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது. பிறகு தேடினேன், பந்தியிலும் இல்லை. சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டீர்கள் என்றார்கள். அத்தைக்கு மறுநாள் டயாலிசிஸ் என்று புரிந்துகொண்டேன்.

மாமா, ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து மாதமாக உங்களைப் படாத பாடு படுத்திவிட்டேன். ஹிஸ்டரியைப் பாருங்கள், ரிஜிஸ்டரைப் பாருங்கள் என்று. ஜூலையில் நான் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதிலே போடவில்லை. எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் புரிகிறது. பொய் எழுத உங்களுக்கு மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லி என்னை நோகடிக்கவும் மனம் வரவில்லை. நான்தான் தொட்டிருக்கிறேன்.

இங்கே வேலை அதிகமில்லை. உட்கார்ந்து மெதுவாக நினைத்துப் பார்த்தேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். பீஸ் ஐம்பது மைக்ரான் குறைவு என்று மனிஷா சொன்னது காதில் இருக்கிறது. செட்டர் ஆகப் போகிறோமே, நாமே சரி செய்துவிடலாம் என்று அவசரம். இப்போது கண்ணை மூடினால் அந்தப் பட்டன் மேல் என் விரல் இருப்பது தெளிவாகத் தெரிகிறது மாமா. எப்படி இத்தனை நாள் மறந்தேன் என்றுதான் தெரியவில்லை. இவரிடமும் சொன்னேன். "போச்சாது, விடு" என்றார். நல்ல மனிதர்.

நான் செய்ததற்கு நீங்கள் தலை குனிந்து நடப்பதாக அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அது எனக்குத் தாங்கவில்லை. அதனால் போன வாரம் மேனேஜருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். ஆஃப்செட்டை மாற்றியது நான்தான், விசாரணையில் பொய் சொன்னேன், இதில் செட்டர் சேகரனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி யாரும் உங்களைப் பார்த்து விரல் நீட்ட மாட்டார்கள்.

என்னை நம்பி வேலைக்குக் கூட்டிப்போன உங்கள் பேரைக் கெடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள் மாமா.

உங்கள் கையால் பட்டம் கட்டிக்கொண்ட,
மோகனப்ரியா சிவகுமார்